வாண்டா என்னும் பெயர்

செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகரின் பெயரில் ஒரு வரலாறு உறைந்துள்ளது. 1916-இல் வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளாரின் தனித்தமிழ் உறுதியே அது. ஒரு மக்களின் நெஞ்சுறுதியைப் பெயர் தாங்கி நிற்பதற்குத் தொலைவான போலந்து நாட்டிலும் சான்றுண்டு. அங்கு அது பெண்பாற்பெயர், வாண்டா என்பது.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்சென்ட்டி கட்லுபெக் இலத்தீனில் எழுதிய வரலாற்று நூலில் வாண்டாவின் கதை முதன்முதல் வருகிறது. கிராக்கோ நகரோடு தொடர்புடைய மன்னனின் மகள் அவள். எதிர்த்து வந்த செருமானியப் படை அவளைக் கண்டதும் போரிட மறுத்தது. அவள் மணம் புரியாமலே ஆட்சி நடத்தினாள். பிற்காலக் கதையிலோ விஸ்துலா ஆற்றில் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

பெயரின் பொருள் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. கண்டாரை ஈர்க்கும் அழகினள் ஆதலால் ‘தூண்டில்’ எனப் பொருள் கொண்டார் 15-ஆம் நூற்றாண்டின் யான் துவுகோஷ். வெண்டர் என்னும் சிலாவிய இனப்பெயரோடு இணைத்துக் காண்பாரும் உளர்.

1795 முதல் 1918 வரை அண்டை வல்லரசுகள் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அயலானுக்கு அடிபணியாத அரசியின் கதை அக்காலக் கவிஞர்க்கு உயிர்ப்பாயிற்று. நோர்வித் அதனை நாடகமாக்கினார். பழங்கதைப் பெயர் இல்லங்களில் வழங்கலாயிற்று.

அப்பெயர் தாங்கி 1888-இல் பிறந்தவர் வாண்டா திநோவ்ஸ்கா. பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்ட அவர் 1935-இல் இந்தியா வந்து, ரமண மகரிஷியின் அன்பராகி, உமாதேவி என அறியப்பட்டார். மணத்தை மறுத்த அரசியின் பெயரை உடையவர், சிவனை மணக்கத் தவமிருந்த தேவியின் பெயரை ஏற்றது எண்ணத்தக்கது. ஆயினும் தாய்மொழியை அவர் விட்டாரில்லை. 1944-இல் மாரிஸ் ஃப்ரீட்மனுடன் இந்திய-போலந்து நூலகம் என்னும் வெளியீட்டு வரிசையைத் தொடங்கி, சென்னையிலிருந்து போலிஷ் நூல்களை வெளியிட்டார். பகவத்கீதையை மொழிபெயர்த்தார். அவர் தொகுத்த இந்தியக் கவிதைத் தொகுதிகளில் தமிழுக்கும் இடமிருந்தது. 1971-இல் இந்திய மண்ணிலேயே மறைந்தார்.

வேதாசலம் மறைமலையானது தம் மொழிக்குள் மீண்ட செலவு. வாண்டா உமாவானது பிறமொழி நோக்கிச் சென்ற செலவு. திசைகள் வேறு. புதிய பெயர் பூண்டபின் இருவரும் தத்தம் தாய்மொழிக்கே நூல் செய்தனர்.