அல் ஜஸரியின் ஏடும் அம்பத்தூர்ப் பட்டறையும்

1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. லேத்துப் பட்டறைகள் பெருகின. வரைபடத்தைப் பார்த்து உலோகத்தைக் கடைந்து பொருளாக்கும் கைகள் அங்கே பழகின. தானியங்கும் பொறிகளின் வரலாறும் இத்தகைய கைகளிலிருந்தே தொடங்குவதை நாம் காண்கிறோம்.

‘ரோபோ’ என்னும் சொல் 1920-இல் செக் எழுத்தாளர் காரல் சாபெக்கின் நாடகத்தில் பிறந்தது. பொறிகளோ அதனினும் மிகப் பழையவை. தியார்பக்ரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணிபுரிந்த அல் ஜஸரி, 1206-இல் ஐம்பது பொறிகளை விளக்கும் நூலை நிறைவு செய்தார். அவற்றுள் ஒன்று, இசைவாணர் பொம்மைகள் அமர்ந்த படகு. நீரால் சுழலும் உருளையின் முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகளின் கைகள் முழவு கொட்டின.

முன்னோர் நூல்களில் செய்து பார்க்கப்படாதவையும் இருக்கக் கண்ட அல் ஜஸரி, தாம் செய்து தேர்ந்தவற்றையே எழுதினார். அளவு, உலோகம், பொருத்தும் முறை யாவற்றையும் பிறரும் செய்யுமாறு விளக்கினார். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ மின்னணுப் பலகையும் இவ்வழியதே. அதன் வரைபடம் எவர்க்கும் திறந்திருப்பதால், வீட்டு மேசையிலேயே மாணவர் சிறு ரோபோக்களைச் செய்கின்றனர்.

எண்ணூறாண்டு கடந்தும் அல் ஜஸரியின் கைத்திறன் வாழ்வது, அவர் எழுதி வைத்ததனால்தான். நம் பட்டறைகளில் முதியவர் ஒருவர் ஓய்வு பெறும்போது, எழுதப்படாத ஓர் ஏடு மூடப்படுகின்றது. சால்டரிங் அயர்னைக் கையிலெடுக்கும் நம் பிள்ளைகள் அவரிடம் கேட்டு எழுதி வைப்பார்களாயின், அம்மரபு நம்மிடமும் தொடரும்.