ஒரு நாட்டுக்கு ஓர் எண்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் தமக்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பில் வங்கியொன்றில் பணிபுரிந்துகொண்டே, வணிக நிர்வாக முதுமாணிப் பட்டத்துக்காக வார இறுதி வகுப்புகளுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. சர்வதேச வணிகமும் முகாமைத்துவமும் என்ற பாடத்துக்கு ஓர் ஒப்படை எழுதவேண்டியிருந்தது. ஹொஃப்ஸ்டீட் என்ற ஒல்லாந்துப் பேராசிரியரின் அளவுகோல்களைக் கொண்டு இலங்கையின் தேசிய கலாசாரத்தை விளக்குமாறு கேட்டிருந்தார்கள். அவன் மடிக்கணினியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான்.

"மாமா, ஆண்மைப் பண்பு எண்ட இடத்தில எங்கட நாட்டுக்குப் பத்துத்தான் போட்டிருக்கு. நூறுக்குப் பத்து. இதை எப்பிடி விளக்கிறது?"

'ஆண்மைப் பண்பு' என்பது இங்கே ஒரு கலைச்சொல். போட்டி, வெற்றி, விட்டுக்கொடாமை ஆகியவற்றைப் போற்றும் சமூகங்களுக்கு அதிக புள்ளி. அடக்கம், பிறர்நலம், பிணக்குகளைப் பேசித் தீர்த்தல் ஆகியவற்றைப் போற்றும் சமூகங்களுக்குக் குறைந்த புள்ளி. ஜப்பானுக்கு 95. சுவீடனுக்கு 5, நோர்வேக்கு 8. இந்த இரு நாடுகளுக்கும் மிக அருகில், 10 புள்ளியுடன் இலங்கை இருந்தது.

1971இலும் பின்னர் 1987 முதல் 1989 வரையிலும் தெற்கில் இரண்டு கிளர்ச்சிகளையும், 1983 முதல் 2009 வரை பெரும் போரையும் கண்ட நாடு, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் நாடுகளின் வரிசையில் அமர்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவல் மட்டும் வந்தது. அந்த ஆவலில் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வணிகத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்பின் படிப்பாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது. ஹார்வார்ட் பல்கலைக்கழகம் 1908இல் தன் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. ஆனால் பிற நாடுகளோடு வணிகம் செய்வதற்குத் தனியான கல்வி தேவை என்ற எண்ணம் வலுப்பெற இரண்டாம் உலகப் போர் முடியவேண்டியிருந்தது. 1946இல் அரிசோனா மாநிலத்தின் கிளென்டேல் நகரில், போர்க்காலத்தில் விமானிகளைப் பயிற்றுவித்த தளமொன்று வெளிநாட்டு வர்த்தகத்துக்கான கல்லூரியாக மாறியது. அமெரிக்க இராணுவ விமானப் படையின் பயிற்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பார்ட்டன் யௌன்ட் என்பவரே அதன் நிறுவுநர். விமானத் தளத்தின் பெயரைச் சுமந்து 'தண்டர்பேர்ட்' என்று பிற்காலத்தில் உலகறிந்த அக்கல்லூரி, இன்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. எல்லைகளை வணிகர் கடந்து சென்றால் படைவீரர்கள் கடக்கத் தேவையிராது என்ற கருத்து அங்கே ஒரு தாரக மந்திரமாக வழங்கியது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் பாடத்திட்டம். அது மூன்று கால்களில் நின்றது. ஒன்று வர்த்தகம். இரண்டாவது, மாணவன் பணிபுரியப் போகும் பிராந்தியத்தின் வரலாறும் வாழ்வும். மூன்றாவது, அங்குள்ள மக்களின் மொழி. பிரேசிலுக்குப் போகிறவன் போர்த்துக்கேய மொழியைக் கற்கவேண்டும். அந்நியனை அறிவதற்கு அவன் மொழியே வாசல் என்று அந்த முதல் தலைமுறை நம்பியது.

அடுத்த கட்டம் 1950களில் வந்தது. அமெரிக்க வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிலையத்தில் 1951 முதல் 1955 வரை இராஜதந்திரிகளுக்குக் கற்பித்த எட்வர்ட் ஹோல் என்ற மானிடவியலாளர், மொழியைக் கற்றபின்னும் விளங்காமல் எஞ்சுபவை உள்ளன என்று கண்டார். எவ்வளவு அருகில் நின்று பேசுவது, எவ்வளவு நேரம் காக்கவைப்பது, சொல்லாமல் விடப்படுவதன் பொருள் என்ன என்பவை அவை. 1959இல் வெளிவந்த அவருடைய 'மௌன மொழி' என்ற நூல் வணிகக் கல்வியாளரிடையேயும் பரவியது. ஹோல் எண்களைத் தரவில்லை. கதைகளையும் அவதானிப்புகளையுமே தந்தார்.

எண்களைத் தந்தவர் கீர்ட் ஹொஃப்ஸ்டீட். 1928இல் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரில் பிறந்து, ஜேர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் சிறுபராயத்தைக் கழித்தவர். பொறியியல் கற்றுத் தொழிற்சாலைகளில் பணியாற்றியபின் சமூக உளவியலுக்குத் திரும்பி, 1965இல் ஐ.பி.எம். கம்பனியின் ஐரோப்பியப் பிரிவில் சேர்ந்தார். ஊழியர்களின் மனப்போக்கை அறிய அக்கம்பனி 1967க்கும் 1973க்கும் இடையில் இரண்டு சுற்றுகளாக ஒரு வினாக்கொத்தை உலகெங்கும் விநியோகித்தது. 72 நாடுகளிலிருந்து, 20 மொழிகளில், 116,000க்கு மேற்பட்ட வினாக்கொத்துகள் திரும்பி வந்தன. மேலதிகாரியோடு உடன்படாததை வெளிப்படுத்த ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகின்றனர் என்பது போன்ற கேள்விகள் அவற்றில் இருந்தன.

அந்தக் குவியலை ஆராய்ந்தபோது விடைகள் நாட்டுக்கு நாடு ஓர் ஒழுங்கோடு வேறுபடுவதை ஹொஃப்ஸ்டீட் கண்டார். இது இந்த ஒரு கம்பனியின் விசித்திரமா என்ற ஐயத்தைத் தீர்க்க ஒரு வகுப்பறையே உதவியது. 1971 முதல் இரண்டு ஆண்டுகள் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் முகாமைத்துவக் கல்லூரியொன்றில் அவர் கற்பித்தார். பல நாடுகளிலிருந்தும் பல கம்பனிகளிலிருந்தும் வந்த முகாமையாளர்கள் அங்கு மாணவர்களாக இருந்தனர். அவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். அதே வேறுபாடுகள் தெரிந்தன.

1980இல் 'கலாசாரத்தின் விளைவுகள்' என்ற நூல் வெளிவந்தது. 40 நாடுகள், நான்கு அளவுகோல்கள்: அதிகார இடைவெளி, நிச்சயமின்மையைத் தவிர்த்தல், தனிமனிதவாதம், ஆண்மைப் பண்பு. நூலில் கம்பனியின் பெயரை மறைத்து 'ஹேர்மஸ்' என்று எழுதியிருந்தார். கிரேக்கரின் வணிகத் தெய்வத்தின் பெயர் அது. ஒரு நூலைப் படித்து முடிக்க நேரமில்லாத மாணவனும் ஓர் அட்டவணையைப் பார்த்துவிடலாம். உலகின் முகாமைத்துவக் கல்லூரிகள் அந்த அட்டவணையை அள்ளிக்கொண்டன. அந்த 40 நாடுகளில் இலங்கை இல்லை. எங்களுக்கான எண்கள் பிற்காலத்தில் இணையப் பட்டியலில் சேர்ந்தவை.

ஹொஃப்ஸ்டீடின் தர்க்கம் எளிமையானது, அழகானதும்கூட. ஒரே கம்பனி, ஒரே விதமான தொழில், ஒரே விதமான நிர்வாகம், ஒரே கேள்வி. இவை எல்லாம் ஒன்றாக இருக்கையில் விடை மட்டும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டுக்கு நாடே காரணம்.

இந்த இடத்தைப் படித்தபோது மடிக்கணினியை மூடிவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்தேன். ஏனெனில் அப்படிப்பட்ட ஒரு கட்டிடத்தில்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். அங்கு மூன்று மொழிகளில் பத்திரிகைகள் அச்சாகின. உரிமையாளர் ஒருவர், முகாமை ஒன்று, சம்பளத் திட்டம் ஒன்று. சிற்றுண்டிச்சாலையும் ஒன்றே. ஆங்கில ஆசிரியபீடத்துக்கும் சிங்கள ஆசிரியபீடத்துக்கும் எங்களுக்கும் இடையில் சில படிக்கட்டுகள்தான். ஆயினும் காலையில் மூன்று முதற்பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால், மூன்று வெவ்வேறு நாடுகளில் அச்சானவை என்றே அந்நியர் ஒருவர் எண்ணுவார். தலைப்புச் செய்தி வேறு, படம் வேறு, இறந்தவர்களின் எண்ணிக்கையும் வேறு.

ஹொஃப்ஸ்டீடின் வினாக்கொத்தை எங்கள் கட்டிடத்தில் விநியோகித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கம்பனி ஒன்று, தொழில் ஒன்று, நாடும் ஒன்று. விடைகள் வேறுபட்டிருந்தால் அதற்கு எது காரணம் என்று எழுதியிருப்பார்கள்?

இது நான் மட்டும் எழுப்பும் கேள்வியல்ல. ஹொஃப்ஸ்டீடுக்கே இது தெரிந்திருந்தது. பெல்ஜியத்தில் ஒல்லாந்து மொழி பேசுவோரையும் பிரெஞ்சு மொழி பேசுவோரையும், சுவிற்சர்லாந்தில் ஜேர்மன் மொழி பேசுவோரையும் பிரெஞ்சு மொழி பேசுவோரையும் அவர் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். ஊழியர்கள் தத்தம் மொழியில் விடையளித்திருந்ததால் அது இயன்றது. ஆனால் தலையான அட்டவணையில் பெல்ஜியத்துக்கு ஓர் எண், சுவிற்சர்லாந்துக்கு ஓர் எண் என்றே நின்றது.

யூகோஸ்லாவியாவின் கதை இன்னும் ஆழமானது. 1980ஆம் ஆண்டு நூலில் அது ஒரே நாடாக, ஒரே எண்ணோடு இருந்தது. 1991இல் அந்நாடு போரினூடாகச் சிதறத் தொடங்கியது. பின்னர் அதே பழைய விடைத்தாள்களை ஸ்லோவேனியர், குரோஷியர், சேர்பியர் என்று பிரித்துத் திரும்பவும் கணக்கிட்டார்கள். மூன்று வெவ்வேறு வரிசைகள் கிடைத்தன. அந்த வேறுபாடு 1970களிலேயே அந்தத் தாள்களுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. நாடு உடைந்த பின்னரே அதைத் தனியே எண்ணிப் பார்க்கும் தேவை எழுந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு அளிக்கப்பட்ட எண்ணோ, வெள்ளையர்களின் விடைகளிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டது.

2002இல் பிரென்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் கடுமையான விமர்சனம் ஒன்றை எழுதினார். மொத்தத் தொகை 116,000 என்றாலும், பல நாடுகளில் விடையளித்தோர் மிகச் சிலரே என்று அவர் சுட்டிக்காட்டினார். பாகிஸ்தானில் முதற் சுற்றில் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். அவ்விரு சுற்றுகளுக்கும் இடையில்தான், 1971இல், அந்த நாடு இரண்டாகி வங்காளதேசம் பிறந்தது. அந்தப் பிரிவினைக்கு மொழி எவ்வளவு பெரிய காரணம் என்பதை எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஹொஃப்ஸ்டீட் பதில் எழுதினார். கலாசாரத்தை ஆராய்வதற்கு நாடு சிறந்த அலகு அல்லதான், ஆயினும் ஒப்பிடுவதற்குப் பெரும்பாலும் கையில் கிடைப்பது அதுவே, ஒன்றுமில்லாததைவிட அது மேல் என்பது அவருடைய பதிலின் சாரம். தமது எண்கள் சமூகங்களைப் பற்றியவை, தனிமனிதரை அவற்றால் அளக்கக்கூடாது என்பதையும் அவர் மீண்டும் மீண்டும் சொல்லிவந்தார். அவர் 2020இல் தமது 91ஆவது வயதில் காலமானார். அவரைக் குற்றம்சாட்டும் நோக்கம் எனக்கு இல்லை. ஓர் அமெரிக்க முகாமையாளரிடம், உன் வழிதான் உலகின் வழி என்று எண்ணாதே என்று சொல்ல அந்த அட்டவணை உதவியது. அது சிறிய பணியன்று.

என் கவலை வகுப்பறையைப் பற்றியது. மொழியைக் கற்றுக்கொள் என்று தொடங்கிய ஒரு கல்வி, மௌனத்தைக் கவனி என்று வளர்ந்து, எண்ணைப் பார்த்துக்கொள் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. முதலாவதற்கு ஆண்டுகள் தேவை, மூன்றாவதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு மொழியைக் கற்கப் புகுபவன், இந்த நாட்டில் எந்த மொழியைக் கற்பது என்ற கேள்வியை முதல் நாளிலேயே கேட்டாகவேண்டும். எண்ணைப் பார்ப்பவனுக்கு அந்தக் கேள்வி எழுவதேயில்லை.

2009 மே மாதத்தின் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. போர் முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வீதியில் வெடிகள். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பாற்சோறு பரிமாறினார்கள். எங்கள் தளத்தில் தொலைபேசிகள் ஓயவில்லை. வவுனியா முகாம்களில் தம் உறவினரின் பெயர் இருக்கிறதா என்று லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அழுகுரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்களப் பத்திரிகையின் நண்பர் ஒருவர், இருபது ஆண்டுகால நண்பர், பாற்சோற்றுத் தட்டொன்றை ஏந்தியபடி படியேறி எங்கள் வாசல்வரை வந்தார். உள்ளே பார்த்தார். ஒன்றும் பேசாமல் தட்டுடன் திரும்பி இறங்கினார். மறுநாள் இருவரும் வழமைபோலச் சேர்ந்தே தேநீர் குடித்தோம். அதைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை மருமகனிடம் சொன்னேன். எங்கள் கட்டிடத்தைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதலாமே என்றும் சொன்னேன். அவன் நெடுநேரம் யோசித்தான்.

"இதை எழுதினா அது வேற ஒப்படையாப் போயிடும் மாமா. அவையள் கேட்டது நாலு அளவுகோல். நாலுக்கும் புள்ளி இருக்கு."

அவன் சொன்னது சரிதான். பகலில் வங்கியிலும் இரவில் புத்தகங்களோடும் கண்விழிப்பவனிடம் ஒரு கிழட்டுப் பத்திரிகையாளனின் நினைவுகளைச் சுமத்துவது நியாயமல்ல. இலங்கைச் சமூகம் அடக்கத்தையும் இணக்கத்தையும் பேணுவது, பிணக்குகளைப் பேசித் தீர்க்க விரும்புவது என்று எழுதிக் கொடுத்தான். நல்ல புள்ளி கிடைத்தது. பட்டமும் பெற்றான். அவனுடைய வகுப்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருமே இருந்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். அத்தனை பேரும் அந்தப் பத்து என்ற எண்ணையே எழுதினார்களாம். ஒருவரும் பக்கத்தில் இருந்தவரிடம், இது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒப்படையில் இடமிருந்தால், அந்தப் பாடத்தின் மிகப் பெறுமதியான பத்து நிமிடங்களாக அவை இருந்திருக்கும். சர்வதேச வணிகம் கற்கப் பிற நாடுகளைத் தேடிப் போகும் முன்னர், அந்த வகுப்பறையிலேயே ஒரு மேசைக்கு அப்பால் அது தொடங்கியிருக்கும்.