கொடுங்கோல் என்னுஞ் சொல்

கொடுங்கோலன் என்று ஒருவனைப் பழித்தல் இன்று எளிதாயிற்று. அச்சொல்லின் வரலாற்றை நோக்குவார்க்கு அஃது ஒரு வசைமொழியன்று, ஓர் அளவுகோல் என்பது புலனாகும்.

செங்கோல் என்பதிற் செம்மை நிறத்தைக் குறித்ததன்று. செங்குத்து என்பதிற்போல நேர்மையையே குறித்தது. கொடுமையும் முதற்கண் வளைவையே உணர்த்திற்று. வளைந்த வாள் கொடுவாள் எனவும், வில் கொடுமரம் எனவும் வழங்குதல் காண்க. ஆகவே, நேரிய கோல் வளையுமாயின் அதுவே கொடுங்கோல். வள்ளுவர் 55ஆம் அதிகாரத்திற் செங்கோன்மையையும், அதனை அடுத்துக் கொடுங்கோன்மையையும் வைத்தமை இவ்வுறவை நன்கு விளக்கும். குடிகளை அலைக்கும் வேந்தன் கொலைஞனினுங் கொடியன் என்பது அவர் துணிபு.

கிரேக்கர் வழங்கிய 'திரன்னோசு' என்னுஞ் சொல்லோ, தொடக்கத்தில் மரபுரிமையின்றி ஆட்சியைக் கைப்பற்றியவனையே சுட்டிற்று. கொடுமைப் பொருள் பின்னர் ஏறியது. அவர் சொல் அரசு வந்த வழியை வினாவியது. நம் சொல் அரசு நடந்த வழியை வினாவுகின்றது.

இவ்வேறுபாட்டை இருவர் வரலாறு காட்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் உரிமையால் அரசெய்தியவன். எனினும், ஆராயாது கோவலனைக் கொல்வித்தமையாற் கோல் வளைந்தது. பிழையுணர்ந்து உயிர்விட்டு அதனை நிமிர்த்தினான் என்பர் இளங்கோவடிகள். எல்லாளனோ சோழநாட்டினின்று வந்து அனுராதபுரத்தைக் கைப்பற்றியவன். ஆயினும், நட்டார்க்கும் பகைவர்க்கும் ஒப்ப முறைசெய்து 44 ஆண்டு ஆண்டான் என மகாவம்சம் கூறுகின்றது. அவனை வென்ற துட்டகைமுனுவும் அவன் வீழ்ந்த இடத்திற்கு வழிபாடு செய்வித்தான். கிரேக்கர் அளவையில் எல்லாளன் 'திரன்னோசு'. தமிழர் அளவையிற் செங்கோலன்.

1815 மார்ச் 2ஆம் நாட் கண்டி உடன்படிக்கை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் விசாரணையின்றி வதைத்தான், கொன்றான் எனக் குற்றஞ்சாட்டி அவனை நீக்கியது. அவ்வளவில் நில்லாது, மலபார் இனத்தார் என்னுங் காரணத்தால் அவன் சுற்றத்தார்க்கும் அரசுரிமையை மறுத்தது. முன்னது கோலின் வளைவுபற்றிய வழக்கு. பின்னது பிறப்பின்மேல் ஏற்றிய பழி. ஒரே ஆவணத்தில் இரண்டுங் கலந்தமையால், பின்னதும் நீதிபோலத் தோன்றிற்று. அவ்வுடன்படிக்கையாற் கண்டியைப் பெற்ற ஆங்கிலேயரே, 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்குங்கால் ஊர்களையும் விளைபொருளையும் எரித்தனர்.

வரலாறு கற்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கொடுங்கோல் என்னுஞ் சொல் ஆள்வோன் குலத்தை வினாவாது. அவன் செய்த முறையையே வினாவும். பிறரை அச்சொல்லால் அளப்பவர் தம் கோலையும் அதனாலேயே அளத்தற்கு உரியர்.