அலுவலில் அழைத்த ஆண்டவர்



கார்த்திகை தீபத்தன்று நம் ஊர் கொள்ளாத கூட்டம். அன்று பேருந்துப் பணிமனையிலும் மருத்துவமனையிலும் காவல் துறையிலும் உழைக்கும் நம் பங்கினருக்கு விடுப்பில்லை. பூசைக்கும் வர இயலுவதில்லை. "சுவாமி, இந்த ஓட்டத்தில் கடவுள் சித்தத்தை எங்கே தேடுவது?" என்று நம்மிடம் அவர்கள் கேட்பதுண்டு. அவர்களை எண்ணியே புனித தேவசகாயத்தின் சரிதையை இம்மலரில் எழுத முன்வந்தோம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோவிலிலும் ஊழியம் செய்தவர். கோவில் நகரில் வாழும் நமக்கு இவர் அந்நியரல்லர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு அதே மன்னரின் சேனையைப் பயிற்றுவிக்கலானார். இருவருக்கும் பழக்கம் உண்டாயிற்று. அவ்வேளையில் நீலகண்டனுக்குக் கால்நடைகள் மடிந்தன, பயிர் பாழாயிற்று. வாடிய முகத்தைக் கண்ட டிலனாய், ஏழாயிரம் ஆடுகளையும் ஐந்நூறு ஏர் மாடுகளையும் இழந்தும் ஆண்டவரைப் பழிக்காத யோபுவின் கதையைச் சொன்னார். காட்சியுமில்லை, அசரீரியுமில்லை. வேலையிடத்தில், உடன் பணியாற்றிய ஓர் அயல்நாட்டான் வாய்ச்சொல்லாகவே இறைவன் வழிகாட்டினார்.

1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் பெயரே தமிழில் தேவசகாயம், அதாவது கடவுளின் உதவி. மனைவியும் ஞானப்பூ என்னும் பெயரோடு திருச்சபையில் சேர்ந்தார்.

அதற்குப்பின் கைதாகும்வரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். சரித்திரக்காரர்கள் இவற்றை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நமக்கோ இவையே அருமையாகத் தோன்றுகின்றன. அவர் அரண்மனைச் சேவகத்தை உதறிவிட்டு ஓடவில்லை. பழைய இடத்தில், பழைய மனிதரிடையே, புதிய மனிதராக நடந்தார். சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். அதுவே பெரிய குற்றமாகப் பட்டது. (இதை எழுதும்போது நம் தலையும் சற்றுக் குனிகிறது, சாதி இன்னும் கோவில் வாசலோடு நின்றுவிடவில்லையே.)

1749-இல் பதவி போயிற்று, விலங்கு வந்தது. எருமையின் மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராய் நடத்தினர்; மரத்தோடு பிணைத்தனர். மூன்றாண்டுக் காலம் காட்டிய பொறுமை ஒரே நாளில் வந்ததாக நாம் எண்ணவில்லை. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ளது. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே.

வரும் தீபத்தன்று பணிக்குச் செல்வோருக்காக விடியற்காலை 4 மணிக்குப் பூசை வைக்க முடிவு செய்துள்ளோம். சீருடையோடே வரலாம்.