சேந்தமங்கலமும் மலைக்காய்ச்சலும்: கொல்லிமலையில் தொற்றறிதலின் வரலாறு

கொல்லிமலை என்பதற்கு உயிர்கொல்லும் காய்ச்சல்மலை என்று பொருள் கூறுவோர் உளர். ஓரியின் மலையாகச் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறும் பெயருக்கு இவ்விளக்கம் பொருந்தாது. எனினும், சமவெளியினர் அம்மலையேற அஞ்சியமைக்கு அது சான்றாகும்.

அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்த ஜெசி பிராண்ட், 1913இல் எவலினை மணந்து மலைமேல் குடியேறினார். அவர் பெற்றிருந்தது இலண்டனில் ஓராண்டு வெப்பமண்டல மருத்துவப் பயிற்சி மட்டுமே. 1914இல் பிறந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்ற மகன் பால் பிராண்டின் நினைவுக் குறிப்புகள் அவருடைய மருத்துவப் பணியை விவரிக்கின்றன.

அக்குறிப்புகளில் நரம்புச் சிலந்தி முதன்மை பெறுகிறது. நோயாளி காலை நீரில் வைத்ததும் புண்ணிலிருந்து புழுக்குஞ்சுகள் வெளிப்படும். அவற்றை உண்ட நீர்த்தெள்ளுகளைக் குடிநீருடன் விழுங்குவோருக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் புழு தோலைத் துளைத்து வெளிவரும். அதனைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்கவேண்டும், அறுந்தால் சீழ்பிடிக்கும். கிணற்றுக்குள் எவரும் இறங்காதவாறு கற்சுவர் எழுப்புமாறு ஜெசி வற்புறுத்தினார். கண்ணால் காணத்தக்க நோய் என்பதால் மக்களுக்கு அதன் தொடர்பை எடுத்துக்காட்ட இயன்றது.

மலேரியா அத்தகையதன்று. கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் 1897இல் நிறுவியிருந்தார், கொய்னாவும் கிடைத்தது. ஆயினும் ஜெசி 1929 ஜூனில், குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கறுக்கும் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார்.

கருவுற்ற பெண்களிடம் இந்நோய் இன்னும் மறைவானது. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிகள் நஞ்சுக்கொடியில் தங்குவதால் விரல்நுனிக் குருதியில் தென்படாமலும் போகலாம். மலேரியா நிலைபெற்ற பகுதிகளில் காய்ச்சலே இல்லாமல் சோகை மட்டும் தோன்றுவதுண்டு. தலைப்பிரசவத்தில் பாதிப்பு மிகுதி. குழந்தை எடைகுறைந்து பிறக்கும். கொய்னா கருவைக் கலைக்கும் என்ற அச்சமும் மருத்துவரிடையே நிலவியது. கடுங்காய்ச்சலே கருவைக் கலைக்கவல்லது என்பது போதிய கவனம் பெறவில்லை. ஆகவே, காய்ச்சல் என்று வந்தோரை மட்டும் எண்ணும் மருத்துவ ஏடுகளைக் கொண்டு மலைப்பகுதித் தாய்மார் இறப்பில் மலேரியாவின் பங்கை அளவிடுதல் பிழையாகும். வெளிறிய முகத்துடன் பிரசவத்தில் இறந்தவள் அவ்வேட்டில் இடம்பெறமாட்டாள். பெற்றாலும் சோகையால் இறந்தவளாகவே பதிவாவாள்.

நரம்புச் சிலந்தி அற்ற நாடாக இந்தியா 2000இல் சான்றளிக்கப்பட்டது. மலேரியா இன்னும் ஒழியவில்லை. முதுமையிலும் மலைமக்களிடையே பணியாற்றிய எவலின் 1974இல் தம் 95ஆம் அகவையில் மறைந்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.