இருமலை ஒளிக்க வேண்டாம்! நுரையீரல் புற்றுநோயின் நூறாண்டு வரலாறு



பரிசளிப்பு விழா மலரில் நோயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். "நல்ல நாளும் அதுவுமா, இது என்னப்பா பேச்சு?" என்று பாட்டிமார் கேட்கவும் கூடும். ஆனால் நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நாம் படித்தது பள்ளிக்கூடத்தில்தானே! மன்னர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு இருப்பது போல நோய்களுக்கும் வரலாறு உண்டு. அதை அறிந்தவன் பயப்பட மாட்டான், ஏமாறவும் மாட்டான்.

அபூர்வமாக இருந்த நோய்

1912ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து மருத்துவர் ஐசக் ஆட்லர் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலகம் முழுவதும் பதிவான நோயாளிகளைத் தேடிச் சேர்த்தும், அவருக்குக் கிடைத்த கணக்கு நானூறைக்கூட எட்டவில்லை. இது மிக மிக அபூர்வமான நோய் என்றே அவர் எழுதினார். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோரை வாட்டியவை மலேரியாக் காய்ச்சலும், வயிற்றுப்போக்கும், காசநோயும்தான்.

பிறகு எப்படி இந்த நோய் பெருகியது? 1880களில் சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தது. கையால் சுற்றிய காலம் போய், ஆயிரக்கணக்கில் மலிவாகக் குவிந்தது சிகரெட். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு உணவோடு உணவாக அதையும் கொடுத்தார்கள். புகை பிடித்த உடனே இந்த நோய் வருவதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் உள்ளே பதுங்கிக் கிடக்கும். அதனால்தான் குற்றவாளியை யாரும் உடனே அடையாளம் காணவில்லை.

ஒரு மருத்துவரின் கதை

1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒருவரின் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றினார். நோயாளி 48 வயதான ஒரு மருத்துவர். அவர் பிழைத்தார்; ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இந்த நோயிலிருந்தும் மனிதன் மீளலாம் என்று உலகம் அன்றுதான் கண்டது.

கதை அதோடு முடியவில்லை. கிரஹாம் தாமே நிறையப் புகைப்பவர். 1950ஆம் ஆண்டு எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற இளைஞரோடு சேர்ந்து ஆராய்ந்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவரே எழுதினார். பிறகு புகைப்பதை விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயால் மாண்டார். அவர் கத்தி வைத்துக் காப்பாற்றிய நோயாளியோ அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்! விதியின் விளையாட்டு என்பதா, புகையின் விளையாட்டு என்பதா?

அதே 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் விசாரித்து அதே முடிவுக்கு வந்தார்கள். 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 1964இல் அமெரிக்க அரசும் புகையின் தீமையை அதிகாரபூர்வமாக அறிவித்தது.

நம் பினாங்கில்

நம் தீவும் சும்மா இருக்கவில்லை. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் புகையிலைக்கு எதிராக ஓயாமல் குரல் கொடுத்து வருகிறது. அதற்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறைந்தார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்றே மவுண்ட் மிரியம் மருத்துவமனையை 1976இல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் தொடங்கினார்கள். 1994 முதல் பினாங்கு மாநிலத்துக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேடு எழுதப்பட்டது. எத்தனை பேருக்கு, எந்த வயதில், என்ன புற்று என்று கணக்கு வைத்தால்தானே அடுத்த வழியை யோசிக்க முடியும்!

எண்கள் சொல்வது என்ன?

மலேசியாவில் 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களை 2016 வரை கவனித்து ஒரு கணக்கு எடுத்தார்கள். மார்பகப் புற்று கண்டவர்களில் 100க்கு 67 பேர் அளவில் ஐந்தாண்டு தாண்டினார்கள். நுரையீரல் புற்று கண்டவர்களில் தாண்டியவர்கள் 100க்கு 11 பேர்தான். பாதிப்பேர் ஏழு மாதத்துக்குள் போய்விட்டார்கள். ஏன் இப்படி? பத்துப் பேரில் ஒன்பது பேர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்தார்கள். அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள்: நோய் நுரையீரலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் 100க்கு 60 பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள், உடம்பெங்கும் பரவிய பின் என்றால் பத்துப் பேர்கூட இல்லை.

வயதும் இதில் ஒரு கணக்கு. எண்பது வயதுத் தாத்தாவுக்குப் புற்றுநோய் இல்லாவிட்டாலும் வேறு காரணத்தால் ஐந்தாண்டுக்குள் ஆயுள் முடியக்கூடும். ஆகவே நோயாளியை அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் இளையவர்களே அதிகம் பிழைக்கிறார்கள். முதியவருக்கு இருதய நோய், நீரிழிவு என்று ஏற்கெனவே பாரம் இருக்கும். அறுவையையும் கடும் மருந்தையும் உடம்பு தாங்காது. ஆனால் இளையவர்களிடம் ஒரு குறை: "நமக்கு எங்க அதெல்லாம் வரப்போகுது" என்று இருந்து விடுவதால், பலருக்கு நோய் பரவிய பிறகே தெரிகிறது.

காலம் மாறுகிறது என்பதும் உண்மை. அமெரிக்காவில் 1970களின் நடுவில் 100க்கு 12 பேர் ஐந்தாண்டு தாண்டினார்கள். இப்போது 25க்கு மேல். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. 2020இல் இறக்கப்போகும் ஒருவருக்கு நோயை 2019இல் கண்டால் அவர் 'ஓராண்டு வாழ்ந்தவர்'. 2014இல் கண்டால் 'ஆறாண்டு வாழ்ந்தவர்'. ஆயுளோ ஒரு நாள்கூடக் கூடவில்லை! அதனால் 53,000க்கு மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி அமெரிக்காவில் சோதித்தார்கள். நிறையப் புகைத்த, 55 முதல் 74 வயது வரையுள்ளவர்கள் அவர்கள். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்த பிரிவில், சாதாரண மார்பு எக்ஸ்ரே எடுத்த பிரிவைவிட நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். இது கண்கட்டு அல்ல, மெய்யான வெற்றி.

மருந்திலும் முன்னேற்றம் வந்தது. 2004இல் இந்தப் புற்றின் ஒரு வகையில் ஒரு மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஆசிய மக்களில், புகைக்காத பெண்களிடமும்கூட, இந்த மாற்றம் அதிகம். அதற்கென்றே மாத்திரைகள் வந்தன. ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து "புகைச்சதுக்குப் பலன்" என்று பேசாதீர்கள். புகைக்காதவருக்கும் வரும், புகைத்தவருக்கும் சிகிச்சை உரிமை உண்டு.

நாம் செய்ய வேண்டியது

நம் லயங்களில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. இருமினால், "பனியில பால் வெட்டப் போனதால வந்த சளி" என்போம். ரத்தம் கண்டால், காசநோய் என்று நாலு பேர் பேசுவார்களே என்று துணியில் துடைத்து மறைப்போம். அந்த மறைப்புத்தான் எமனுக்கு வழி விடுகிறது. மூன்று வாரம் விடாத இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத இளைப்பு, குரல் கம்மல் கண்டால் டிரசர் ஐயாவிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ சொல்லுங்கள். காசநோய் மருந்து சாப்பிட்டும் குணமில்லையென்றால் மறுபடி கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

புகைப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. ஐம்பதாண்டு ஆய்வின் முடிவை 2004இல் டால் வெளியிட்டார்: முப்பது வயதில் விட்டால் ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுள் திரும்பக் கிடைக்கிறது, நாற்பதில் 9, ஐம்பதில் 6, அறுபதில் விட்டாலும் 3. ஆகவே "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்ற பேச்சே வேண்டாம். மூன்றாண்டு என்பது பேரப்பிள்ளை மூன்று முறை பரிசு வாங்குவதைப் பார்க்கும் காலம்!

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கி வீட்டுக்குப் போனதும் அப்பாவிடமும் தாத்தாவிடமும் இந்தக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். மருத்துவர் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அடுத்த ஆண்டு விழாவிலும் அதே நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பரிசு நமக்கு வேறு எது?

வாழ்க நலமுடன்! வளர்க நம் பள்ளி!