பில்லுண்ட் ஊர் ஆசாரி

மே மாச லீவுக்கு அக்கா பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். திண்ணை முழுக்க கலர் கலரா பிளாஸ்டிக் கட்டிகளைக் கொட்டி வீடு கட்டிக்கிட்டு இருந்தான். ராத்திரி கரண்ட் போன நேரத்துல அதுல ஒண்ணை மிதிச்சு நான் போட்ட சத்தத்துல கொட்டகையில படுத்திருந்த மாடு எந்திரிச்சிடுச்சு.

"என்னடா சாமி இது?"

"லெகோ, தாத்தா. இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சவரு ஒரு ஆசாரியாம்."

ஆசாரின்னு சொன்னதாலதான் தேடிப் படிச்சேன். படிச்ச பிறகு ரெண்டு நாள் தூக்கம் சரியா வரலை. ஏன்னு கடைசியில சொல்றேன்.

அவர் பேர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். 1891ல டென்மார்க்குல ஃபில்ஸ்கோவ்ங்கிற கிராமத்துல, பெரிய ஏழைக் குடும்பத்துல பிறந்தவர். தச்சு வேலையை அண்ணன்கிட்டயே கத்துக்கிட்டார். வேலை தேடி ஜெர்மனி, நார்வேன்னு சுத்திட்டு, 1916ல பக்கத்துல இருந்த பில்லுண்டுக்கு வந்து ஒரு பழைய தச்சுப்பட்டறையை வாங்கினார். நார்வேயில பார்த்த கிர்ஸ்டீனைக் கல்யாணம் பண்ணி, நாலும் ஆம்பளப் பிள்ளைங்க.

பில்லுண்ட் அப்போ புதர்க்காட்டு நடுவுல ஒரு சின்ன ஊர். சுத்தி இருந்தவங்க எல்லாம் விவசாயிங்க. நம்மூர் ஆசாரி மாதிரிதான் அவரும். வீடு கட்டணும்னாலும், கதவு ஜன்னல் வேணும்னாலும், கட்டில் அலமாரின்னாலும் அவர்கிட்டதான் போவாங்க. ஊர்க்காரங்க குடும்பம் நடத்துற வீடுகளைக் கட்டித்தான் தன் குடும்பத்தை நடத்தினார்.

1924ல ஒரு நாள், சின்னப் பையன்கள் ரெண்டு பேர் பட்டறையில அடுப்பைப் பத்த வைக்க, தீ மரச்சீவல்ல பிடிச்சது. பட்டறையும் போச்சு, வீடும் போச்சு. மனுசன் உட்கார்ந்து அழலை. முன்னைவிடப் பெருசா ஒரு கட்டடத்தைக் கட்டினார். ஒரு சின்னப் பகுதியில குடும்பத்தோட இருந்துக்கிட்டு, மிச்சத்தை வாடகைக்கு விட்டார். வாசல்ல ரெண்டு சிங்கம் வச்ச அந்த வீடு இன்னும் பில்லுண்டுல நிக்குது.

அடுத்து வந்த அடி தீயை விடப் பெருசு. டென்மார்க் விவசாயியோட பிழைப்பு வெண்ணெயும் பன்றிக்கறியும் இங்கிலாந்துக்கு விக்கிறதுல இருந்தது. 1929ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச பொருளாதார மந்தம் அங்க வரைக்கும் வந்து விலை விழுந்தது. 1932ல இங்கிலாந்து தன் ஆட்சிக்குக் கீழ இருந்த நாடுகளோட சரக்குக்கு முன்னுரிமை கொடுக்க ஆரம்பிச்சது. விளைஞ்சதுக்கு விலை இல்லாத விவசாயி புது வீடு கட்டுவானா? கதவு உடைஞ்சாலும் ஆணி அடிச்சு ஓட்டுவான். ஆசாரிக்கு வேலை நின்னு போச்சு. அதே வருசம் கிர்ஸ்டீனும் இறந்துட்டாங்க. நாலு பிள்ளைகளோட ஒத்தை ஆளா நின்னார்.

வீடு கட்ட ஆள் இல்லாததால சின்னச் சாமான்களுக்கு இறங்கினார். ஏணி, முக்காலி, இஸ்திரி போடுற பலகை, கூடவே மரப் பொம்மை. கடனுக்கு ஜாமீன் நின்ன கூடப்பிறந்தவங்க, பொம்மையை விட்டுட்டு உருப்படியா ஏதாவது செய்யச் சொன்னாங்க. இவர் கேக்கலை. சில பேர் பொம்மைக்குக் காசுக்குப் பதிலா சாப்பாட்டுச் சாமான் கொடுத்திருக்காங்க. நம்ம களத்துமேட்டுல ஆசாரிக்கு நெல் அளந்த மாதிரிதான். யோ-யோ மோகம் முடிஞ்சு மிஞ்சிப் போனதை ரெண்டா அறுத்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக்கினார். 1934ல 'நல்லா விளையாடு'ன்னு அர்த்தம் வர்ற டேனிஷ் வார்த்தைகளைச் சுருக்கி 'லெகோ'ன்னு பேர் வச்சார்.

மகன் காட்ஃபிரட் ஒரு தடவை மர வாத்துகளுக்கு மூணு பூச்சு வார்னிஷுக்குப் பதிலா ரெண்டு மட்டும் அடிச்சு, காசு மிச்சம் பிடிச்சதை அப்பாகிட்டப் பெருமையா சொன்னான். ஸ்டேசனுக்குப் போன பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, மூணாவது பூச்சையும் அவனையே அடிக்க வச்சார் அப்பா. மறைவா இருக்குற பக்கத்தையும் இழைப்புளி போட்டு இழைக்கிற ஆசாரிங்களைப் பார்த்திருந்தா இது உங்களுக்கு ஆச்சரியமா இருக்காது.

1942ல பட்டறை மறுபடி எரிஞ்சது. மறுபடி கட்டினார். போர் முடிஞ்சதும் பிளாஸ்டிக் வார்க்குற மெசின் ஒண்ணு வாங்கினார். ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுற கட்டிக்கான யோசனை கிடிகிராஃப்ட்ங்கிற இங்கிலாந்துக் கம்பெனியோடது. அதைப் பார்த்து 1949ல இவங்களும் செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னைக்குப் பார்க்குற, உள்ளே குழாய் வச்ச கட்டிக்கு 1958 ஜனவரியில காட்ஃபிரட் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். ஆறு வாரத்துல, மார்ச்சுல, அப்பா இறந்துட்டார். அந்தக் கட்டி உலகம் சுத்தினதை அவர் பார்க்கலை. பில்லுண்டுல இன்னைக்கு ஏர்போர்ட்டே இருக்கு.

சரி, எனக்கு ஏன் தூக்கம் வரலை?

நான் நடந்து பழகின நடைவண்டி எங்க ஊர் ஆசாரி செஞ்சது. ஏர்க்கால், நுகத்தடி, வீட்டு நிலை, உத்திரம் எல்லாம் அவர் கை. டிராக்டர் வந்ததும் ஏர் போச்சு. ரெண்டு வருசம் முந்தி தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்கு வித்தப்போ, பின்கட்டுக் கதவை அவர்கிட்டச் சொல்லாம டவுன்ல ரெடிமேடா வாங்கிட்டு வந்தேன். கூலி மிச்சம்னு. அவர் வாசலைத் தாண்டித்தான் வண்டி வந்தது. பார்த்துட்டு, "நல்லாருக்குங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார். என் தக்காளி விலையோட அடி அவர் பட்டறையில விழுந்தது எனக்கு அன்னைக்குப் புரியலை.

அந்தக் கதவு போன ஐப்பசி மழையில ஊறி உப்பிப் போச்சு.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மகன் திருப்பூர்ல வேன் ஓட்டுறான். உளி, வாச்சி எல்லாம் சாக்குல கட்டிப் பரண்ல இருக்கு. "வேப்பம்பலகை காய்ஞ்சது இருக்குங்க. ஒரு கதவும், அக்காவோட கொள்ளுப்பேத்திக்கு ஒரு நடைவண்டியும் வேணும்"னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "அந்த ஏணிய எடுத்து இப்படிப் போடுங்க தம்பி"ன்னார்.